கடைசிக் காட்சியில் வருகிறவன்

ஆகஸ்ட் 17, சனி

ஓ.பி.யில் இன்று முந்நூறு சீட்டுக்கு மேல். ஜன்னலுக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிவிட்டது.

ஊர் முழுக்க அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. சுதந்திர தினத்தன்று வந்திருக்கிறது. போரில் காணாமல் போன சிப்பாய்களின் கதையாம். மருந்து வாங்க வரிசையில் நின்ற பெண்கள் கதை சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மதியம் டீ குடிக்க வந்த நர்ஸ் எஸ்தரும் அதையே ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் அழுத அழுகைல எங்க வீட்டுக்காரரே பயந்துட்டாரு. அந்தப் பொண்டாட்டி முப்பது வருஷம் காத்துக்கினு இருக்கா அக்கா. பொட்டு கூட அழிக்காம. இந்தக் காலத்துல யாரு..."

அப்படியே நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்: மருந்து கொடுக்கிற தமயந்தியின் முதல் புருஷன் மூர்த்தி பட்டாளத்துக்காரன், தொண்ணூற்றொன்பது சண்டையில் காணாமல் போனவன், இவள் ஏழு வருஷம் பார்த்துவிட்டு லைன்மேன் தணிகாசலத்தைக் கட்டிக்கொண்டாள் என்று.

"டீ ஆறுது, குடி" என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மருந்து வண்டி வந்தது. நாற்பது பெட்டி. இறக்கி, எண்ணி, அடுக்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

மதியம் தணிகாசலத்திடமிருந்து போன். மாமா வீடு பூட்டிக் கிடக்கிறதாம். மாமா என்றால் மூர்த்தியின் அப்பா. அத்தை இறந்த பிறகு இரண்டு தெரு தள்ளி அதே வீட்டில் தனியாக இருக்கிறார். தினமும் மின்வாரிய ஆபீசிலிருந்து வந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது தணிகாசலம்தான். கல்யாணத்தின்போது நான் கேட்ட ஒரே விஷயம் அது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"பக்கத்துல கேட்டேன். பெரியவரு சினிமாவுக்குப் போயிக்கீறாராம்" என்றார்.

எண்பத்திரண்டு வயது. ஒன்பது வருடமாக அவர் போன இடம் ரேஷன் கடையும் முடிவெட்டும் கடையும்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றும் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

டூட்டி முடிந்து நேராக மாமா வீட்டுக்குப் போனேன். கேரியரைப் பிரிக்காமல் வைத்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்.

"இன்னா மாமா, தெனமும் அதே படத்துக்கா போறீங்க?"

"வேற படம் போடலியே."

"மொழங்கால் வலிக்குமே. மூணு மணி நேரம் எப்படி உக்கார்றீங்க?"

"கடைசில வரான்மா" என்றார். "தாடி வச்சிக்கினு, ஒரு கால இழுத்துக்கினு வரான். அந்தப் பையனோட அப்பங்காரன் அடையாளம் தெரியாம யாருய்யா நீன்னு கேக்குறான். நானா இருந்தா நடைய வச்சே சொல்லிடுவேன். மூர்த்தி எப்படித் தாடி வச்சிக்கினு வந்தாலும் சொல்லிடுவேன்."

சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் ரசத்துக்குக் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வினோதினி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். பேச்சே வரவில்லை, விசும்பல்தான் கேட்டது. ஆபீஸ் தோழிகளோடு படத்துக்குப் போயிருக்கிறாள். அவர்கள் எல்லோரும் வெளியே வந்து சாப்பிடப் போய்விட்டார்களாம். இவள் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாளாம்.

"நீ பாத்தியாம்மா?"

"இல்ல."

"பாரு."

"சரி."

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அப்பா வரமாட்டாருன்னு நீ எப்ப முடிவு பண்ணின?"

அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். மூர்த்தி காணாமல் போனபோது அவள் என் வயிற்றில் ஐந்து மாதம். அப்பா என்று அவள் சொல்வது சுவரில் இருக்கும் போட்டோவைத்தான். தணிகாசலத்தை 'நைனா' என்று கூப்பிடுவாள்.

அவர் கூடத்தில் வேலைக்கான பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"அந்தாளு வந்தா நான் போயிடறேம்மே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மதியம் அரை நாள் விடுப்பு. ஆதார் அட்டையில் விலாசம் திருத்தும் வேலை.

ஆகஸ்ட் 28, புதன்

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில், அவன் வாசலில் வந்து நின்றதும் மனைவி அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடுகிறாள். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு அணைந்து காஸ் கசியும். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. அவள் புடவையும் முப்பது வருடம் துவைத்த புடவை மாதிரி இல்லை.

எஸ்தர்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

தலைவலி. பத்து மணிக்கே ஒரு மாத்திரை போட்டேன். கண் எரிச்சல்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கடைசிக் காட்சி வந்ததும் மாமா இருக்கையை விட்டு எழுந்து நின்று கையை உயர்த்திக் கூப்பிடுகிறாராம். பின்னால் இருந்த யாரோ போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். 'தினமும் மகனைத் தேடி வரும் தந்தை.' லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். இன்று யாரோ டிவிக்காரர்கள் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"ஐயா, உங்க பையன் உயிரோட இருக்காருன்னு நம்பறீங்களா?"

"வருவான்" என்கிறார் மாமா. மைக்கைப் பார்த்துத்தான் சொல்கிறார். கன்னத்தில் சவரம் செய்யாத இடம் ஒன்று தெரிகிறது. அந்த மூலை அவருக்கு எப்போதும் எட்டாது.

எஸ்தர் போனைக் காட்டிக்கொண்டிருந்தவள், கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சட்டென்று மூடினாள். அதற்குள் நானும் இரண்டைப் படித்துவிட்டேன். மருமகள் வேறு கல்யாணம் செய்துகொண்டாளாம், பெற்றவர் மட்டும் காத்திருக்கிறாராம்.

முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் மாமாவை டெல்லிக்கு அழைத்துப்போய் மனுக் கொடுக்கப் போகிறாராம். பன்னிரண்டாம் தேதி ரயில். மாமா ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தணிகாசலம் வந்து சொன்னார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வினோதினி வந்துவிட்டாள். மூன்று வாரம் லீவாம். தாத்தாவோடு அவளும் டெல்லிக்குப் போகிறாளாம். செருப்பைக் கழற்றிய கையோடு, "அப்பா பேப்பர் எல்லாம் எடும்மா" என்றாள்.

பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். தந்தி. படைப்பிரிவிலிருந்து வந்த கடிதங்கள். 'காணவில்லை', பிறகு 'காணவில்லை, இறந்திருக்கக்கூடும்.' தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தாள். மூர்த்திக்கும் இப்படித்தான், எதைச் செய்தாலும் தரையில் பரப்பிக்கொள்ள வேண்டும்.

"எல்லாம் இதுலயே இருக்கா?"

"இருக்கு."

"இறந்திருக்கக்கூடும்னா என்னம்மா அர்த்தம்? யாருக்கும் தெரியலன்னுதானே? தாத்தா ஒருத்தர்தான் அப்பாவ விடல."

தணிகாசலம் இன்று வெளி வராண்டாவில் பாயைப் போட்டுக்கொண்டார். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். மழை தூறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 4, புதன்

மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நான் தக்கலையில இருந்து தேவசகாயமாக்கும் பேசுறது. மூர்த்திகூட இருந்தவன்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். இருபத்துமூன்று வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனால் கையெழுத்து தெரியும்.

"டிவியில அப்பாவெப் பாத்தேன். வருவான்னு சொல்லுகாரு. நான் எழுதுன கடிதாசி உங்களுக்குக் கிட்டல்லியா?"

"வந்துச்சு."

"அப்பம் நீங்க சொல்லல்லியா?"

வரிசையில் இருந்த ஒரு கிழவி, சீட்டை நீட்டிக்கொண்டு, "எம்மா, பஸ்ஸு போயிடும்" என்றாள். சொல்லவில்லை என்று போனில் சொல்லிவிட்டுக் கிழவிக்கு மருந்தைக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றி இந்த டைரியில் என்றில்லை, எந்த டைரியிலும் எழுதியதில்லை. இரண்டாயிரத்தொன்று ஜனவரியில் வந்தது. காவல் சுற்றுக்குப் போன ஐந்து பேரில் தேவசகாயம் மட்டும் திரும்பினார். பனியில் கருகிய கால் விரல்களை வெட்டி எடுத்ததால் ஒரு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கிருந்து எழுதியிருந்தார்: குண்டு வெடித்ததில் மூர்த்திக்கு வயிற்றில் அடிபட்டது. ஒரு பாறைக்கு அடியில் இழுத்துப் போட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். என் மடியில்தான் உயிர் போனது. தூக்கிவர என்னால் முடியவில்லை. மறுநாள் அந்த இடமே சரிந்து மூடிவிட்டது. உடல் இல்லாததால் 'காணவில்லை' என்றே எழுதினார்கள். சகோதரி, நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கடைசி வரி அதுதான்.

அப்போது அத்தை மூன்று மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, எழுந்து நடக்க ஆரம்பித்திருந்த நேரம். உன் மகன் வடக்கே இருக்கிறான், வருவான் என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னால் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் சொல்லவில்லை. அதுதான் காரணம்.

அத்தை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"மருமகளுக்கு இது பேறு மாசமாக்கும். அது முடிஞ்ச உடனே நான் வாறேன். வந்து அப்பாகிட்ட நானே சொல்லுகேன்" என்றார் தேவசகாயம். "அதுக்கு முன்னாடி நீங்க சொன்னா நல்லது."

செப்டம்பர் 5, வியாழன்

சொல்லவில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். மாவு சரியாக வரவில்லை, விரிந்து விரிந்து போனது. நாங்கள் மூன்று பேரும் மாமா வீட்டுக்கு எடுத்துப் போனோம். அவர் டெல்லிக்குப் பையைக் கட்டி வைத்திருந்தார். வினோதினி மனுவைப் படித்துக் காட்ட, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'என் மகன் உயிருடன் ஏதேனும் சிறையில் இருக்கக்கூடும் என்று...'

"மாமா, டெல்லிக்குப் போவ வேணாம்" என்றேன்.

கடிதத்தைப் பர்ஸிலிருந்து எடுத்தேன். மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாக இருந்தது. வினோதினி வாங்கிப் படித்தாள். பாதிக்கு மேல் அவளால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. மிச்சத்தை நான் சொன்னேன். பார்க்காமலே சொன்னேன்.

வெளியே தெருப்பிள்ளையாருக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். மாமா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எப்ப வந்துச்சு இது?" என்று கேட்டார்.

"ரெண்டாயிரத்தொண்ணுல."

"உங்கத்த ராஜம்மா அப்ப உயிரோட இருந்தா."

"ஆமா மாமா."

"பதினாலு வருஷம் அவ தெனமும் ஒரு பிடி அரிசி அவனுக்குன்னு சேத்துப் போட்டு வடிச்சா. நீ பாத்துக்கினே இருந்த."

கொழுக்கட்டைப் பாத்திரத்தை மூடினேன்.

"வெளிய போ" என்றார். கத்தவில்லை. "எல்லாரும் போங்க."

வாசலுக்கு வந்ததும் வினோதினி என் கையை உதறினாள். "என்கிட்ட கூடவா மறைப்ப? ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க, உங்கப்பா செத்துட்டாரா இருக்காரான்னு. நான் தெரியாதுன்னு சொல்லுவேன். பதினஞ்சு வருஷம் தெரியாது தெரியாதுன்னு சொன்னேம்மா."

தணிகாசலம் கொழுக்கட்டைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

துணி ஊறவைத்து மறந்துவிட்டேன். நாற்றம் எடுத்துவிட்டது.

மாலையில் தணிகாசலம் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"வாசல்ல யாராச்சும் கூப்பிட்டா மொத நான்தான் எட்டிப் பாப்பேன். நீ கவனிச்சிருக்கியா?"

"கவனிச்சிருக்கேன்."

"கம்பத்து மேல நிக்கும்போது கூட யோசிப்பேன். இன்னிக்கி வீட்டுக்குப் போனா அந்தாளு கூடத்துல உக்காந்துக்கினு இருந்தா நான் இன்னா பண்ணணும்? செருப்ப வெளியவே வுட்டுட்டு அப்படியே திரும்பிடணுமா, உள்ள வந்து கும்புடணுமா? பதினெட்டு வருஷம்மே."

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல. கெழவிக்காகன்னு சொல்ற, சரி. எங்கிட்ட சொன்னா நான் போயி கெழவிகிட்ட சொல்லிடுவேனா?"

இதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. மூர்த்தி செத்துவிட்டார் என்று என் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால்... அதற்கு மேல் இங்கே எழுதவும் கை வரவில்லை. நான் சொல்லாமலே புரிந்துகொண்டது போல, "சரி வுடு" என்று எழுந்து உள்ளே போனார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வினோதினி பெங்களூர் போய்விட்டாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து, "தண்ணி பாட்டில் எடுத்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அதுவே போதும் என்றிருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

மாமா டெல்லிக்குப் போகவில்லை. சங்கத்துச் செயலாளர் வந்தபோது, "எம்புள்ள செத்துட்டான்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாராம். கேரியரை வாங்கிக்கொள்கிறார். கழுவித் திருப்பித் தருகிறார். என்னைப் பார்ப்பதில்லை. சினிமாவுக்கும் போவதில்லை.

படத்தை நாளையோடு எடுக்கிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வினோதினி தேவசகாயத்தின் எண்ணைக் கேட்டாள். கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

தேவசகாயம் வந்தார். காலை ரயிலில் இறங்கி, வினோதினியோடு ஆட்டோவில் வந்தார். அவள் முன்தினமே காட்பாடிக்கு வந்து தோழி வீட்டில் தங்கி அவருக்காகக் காத்திருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கிற நிலையில் இல்லை.

தலை முழுக்க நரைத்த, குள்ளமான மனிதர். பூட்ஸ் போட்டிருந்தார். நடக்கும்போது கால் தரையில் பதியத் தயங்குகிறது. மாமா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மாமா கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் அவனெ விட்டுட்டு வந்துட்டேன் அப்பா" என்று தேவசகாயம் காலில் விழப் போனார். மாமா தோளைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை எடுக்கவில்லை.

"தண்ணி கேட்டானா?"

"கேட்டான்."

"குடுத்தியா?"

"பாட்டில்ல தண்ணி உறைஞ்சு போச்சு. பனிக்கட்டியெ எனக்க வாயில வெச்சு உருக்கி அவன் வாயில விட்டேன். மூணு நாலு மொறை குடிச்சான்."

மாமா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "முப்பத்தாறு வருஷம் முனிசிபாலிட்டில இந்த ஊருக்குத் தண்ணி தொறந்து வுட்டவன் நானு" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இருபத்தைந்து வருடத்தில் அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. வினோதினி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தேவசகாயம் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

"யாரையாச்சும் கூப்டானா?" என்று மாமா கேட்பது அடுக்களைவரை கேட்டது.

"இல்லெ. சென்னை வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டான். அடுத்த மாசம் லீவுல்லா. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான். நானும் சொல்லிட்டே இருந்தேன்."

அரிசிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது கடிதத்தில் இல்லை.

சாப்பாடு போட்டபோது மாமா முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ ஒருத்தியே வச்சிக்கினு இருந்தியா?" என்றார்.

"ஆமா மாமா."

"உக்காரு. நீயும் சாப்பிடு."

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் மாமா மூர்த்திக்குத் திதி கொடுத்தார். மகாளய பட்சம் என்பதால் ஆற்றங்கரையில் கூட்டம். ஆற்றில் தண்ணீர் இல்லை, குழாயில் பிடித்துவந்த வாளித் தண்ணீர்தான். பெற்றவன் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அவனுக்குப் பிள்ளை இல்லையா என்றும் கேட்டார்கள். வினோதினி தாத்தாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலுமாக எள்ளும் தண்ணீரும் விழுந்தன.

"இறந்த நாள்?" என்று கேட்டார் புரோகிதர்.

மாமா திரும்பிப் பார்த்தார். நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் கைகட்டி நின்ற தேவசகாயம் சொன்னார். "தொண்ணூற்றொன்பது ஜூன் முப்பது. புதன்கிழமை. பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள்."

புரோகிதர் பழைய பஞ்சாங்கக் கணக்கை வாய்க்குள் போட்டுவிட்டு, "ஆனி பதினாறு. தேய்பிறைத் துவிதியை. இன்னிக்கும் அதே திதிதான்" என்றார்.

"ஆனி பதினாறு" என்று மாமா ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

முடிந்ததும் எல்லோரும் அரசமரத்தடியில் உட்கார்ந்தோம். வினோதினி தேவசகாயத்துக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். தணிகாசலம் சற்றுத் தள்ளி, வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தார். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"உசரமா இருப்பாரா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. இத்தனை வருடத்தில் மூர்த்தியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"உங்களவிட ரெண்டு விரக்கடை கம்மி" என்றேன்.

"போட்டோல உசரமாத் தெரியுது."

"ஸ்டூல் மேல நிக்க வச்சி எடுத்தாங்க."

அவர் சிரித்தார். பிறகு, "கோவப்படுவாரா?" என்றார்.

கோபம் உண்டு, பசி வந்தால் மட்டும் என்றேன். சைக்கிள் ஓட்டினால் விசில் அடிப்பார், சுருதி சேராது என்றேன். கல்யாணமான மூன்றாம் நாள் ஆம்பூரில் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்று லீவு சொல்லவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.